முருகன் துணை, நம்பியூர்

அந்தப் பை காலில் இடிக்கிறதா கண்ணு? இருங்கள், கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். மஞ்சள்தான். நேற்று அரைத்து, ஆறவைத்து, இரண்டு தடவை சலித்தது. கண்டக்டர் பின்னால் போடச் சொன்னார். இல்லைங்க, காலடியிலேயே இருக்கட்டும் என்றேன். சரி என்று சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

நீங்கள் ஜன்னலோரமாகவே உட்காருங்கள். இந்த மாதிரி நேரத்தில் காற்று வேண்டும். ஏழா, எட்டா? ஏழு. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தலைப்பிரசவமா? முருகன் பார்த்துக்கொள்வான். திருப்பூர் வரைக்கும்தானே? நானும் அங்கேதான். என் மகளைப் பார்க்கப் போகிறேன்.

பார்க்கப் போகிறேன் என்றா சொன்னேன்? ஒரு வேலை சொல்லியிருக்கிறாள். மூன்று நாளாகச் செய்யாமல் வைத்திருக்கிறேன். அதைச் செய்துவிட்டு வா என்றாள். செய்யாமல்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

என்ன வேலையென்று சொன்னால் சிரிப்பீர்கள். போனில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் போய் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பேர் துளசிமணி. கோபியில் ரங்கா அரைவை நிலையம் என்று ஒரு கடை எங்களுடையது. மில் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்னால் சின்னதாய்க் கடை, பின்னால் இரண்டு மெஷின். மஞ்சள், மிளகாய், சீயக்காய், குளியல் பொடி. எங்கள் வீட்டுக்காரர் ரங்கசாமி ஆரம்பித்தது. அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நான்தான் பார்க்கிறேன். எட்டாவதுதான் படித்திருக்கிறேன். ஆனால் மஞ்சளை மோந்து பார்த்தே எந்தப் பக்கத்துக் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் தெரியும் எனக்கு. அதுவும் சாமி பக்தியும்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் தாமோதரன். கூட்டுறவு பாங்கில் வேலை. சம்சாரம் சுகந்தி, இரண்டு குழந்தைகள். மாடியில்தான் இருக்கிறார்கள். சின்னவள் யமுனா. பி.காம். படித்தவள். நம்பியூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். சுகந்தியின் தாய்வீட்டார் காட்டிய இடம். நாலு வருஷம் இருந்தாள். சரிப்படவில்லை. கோர்ட்டில் முடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏன் வந்தாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை கண்ணு. சாமிக்குப் பொதுவாய்ச் சொல்கிறேன், ஒரு வார்த்தை கேட்டதில்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை பச்சமலை முருகன் கோயிலுக்கு ஏறி, அந்தப் பையன் மனசு மாறி வந்து இவளைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று வேண்டிக்கொள்வேன், அவ்வளவுதான். அவளையும் கூடவே கூட்டிக்கொண்டுதான் போவேன். "என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்று கேட்பாள். எல்லாரும் நல்லா இருக்கணும்னு என்பேன். அவள் வாய்க்குள் சிரித்துக்கொள்வாள்.

வந்து ஆறு மாசம் சும்மா இருந்தாள். அப்புறம் ஒருநாள் கடைக்குள் வந்து நின்று சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா, இதையெல்லாம் ஆன்லைன்ல போடலாமா?"

"எதை சாமி?"

"இந்த மஞ்சளை, குளியல் பொடியை. கோபிக்காரங்க மட்டும்தான் குளிக்கணுமா?"

எனக்கு என்ன தெரியும்? செய் என்றேன். அவளுக்கும் பொழுது போக வேண்டுமே. அவன் வந்து கூப்பிடுகிற வரைக்கும் ஏதோ ஒன்று என்று நினைத்தேன்.

அப்பாடா, அவள் பட்ட பாடு. பெரிய ஆன்லைன் கடை ஒன்று இருக்கிறதாம், ஊரே அதில்தான் வாங்குகிறதாம், அதில் நமக்கும் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுப்பார்களாம். அதற்கு அந்த நம்பர், இந்த நம்பர், கையெழுத்து, கடை போட்டோ. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடை போட்டோவில் போர்டு தெரியவில்லை என்று ஒரு தடவை. ஏணி போட்டு ஏறிப் போர்டை அவளே துடைத்தாள். வெள்ளை சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, பித்தளைத் தட்டில் மஞ்சளைக் குவித்து, ஜன்னல் வெளிச்சம் வருகிற நேரம் பார்த்துப் பார்த்துப் போட்டோ எடுத்தாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். "என்னம்மா, இந்த மஞ்சள் போட்டோல ஆரஞ்சாத் தெரியுது" என்று அழாத குறை. நாற்பது, ஐம்பது போட்டோ எடுத்திருப்பாள் ஒரு பாக்கெட்டுக்கு.

ஒரு நல்ல நாள் பார்த்துக் கடையைத் திறந்தோம். திறந்தோம் என்றால் லேப்டாப்பில்தான். ஐயர் வைத்து கணபதி பூஜை எல்லாம் செய்தேன். லேப்டாப்புக்குச் சந்தனம் வைக்கப் போனேன், "அம்மா, கீபோர்டும்மா!" என்று பதறிவிட்டாள். மூடி மேலே வைத்தேன். பட்டனை அமுக்குகிற நேரம் வந்ததும் சுகந்தியைக் கூப்பிட்டு, "வா கண்ணு, நீ அமுக்கு" என்றேன். யமுனா தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "நீ போட்டோ எடு சாமி, யாராவது எடுக்க வேண்டாமா?" என்றேன். எடுத்தாள். அன்றைக்கு எடுத்த போட்டோ எல்லாம் நன்றாக இருக்கிறது. அவள்தான் ஒன்றிலும் இல்லை.

ஏன் சுகந்தி என்று கேட்கிறீர்கள். அவளுக்குக் கைராசி கண்ணு. எங்கள் மாதிரிக் கடைகளில் காலையில் முதல் வியாபாரம் நல்ல கையால் நடக்க வேண்டும். போணி என்போம். கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், போணி சரியில்லை என்றால் அன்றைக்கு ஈ ஓட்ட வேண்டியதுதான். எங்கள் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நான்தான் போணி செய்வேன். "துளசி, நீ எடுத்துக் குடு" என்பார். அவர் போனதற்கப்புறம் நான் தொடுவதில்லை. சுகந்தி கீழே இறங்கி வந்து முதல் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் மருமகளாக வருவதற்கு முன்னால், எதிரில் பூக்கடை வைத்திருக்கும் அம்மா. எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. வெயிலில் போகிறவள் குடை பிடித்துக்கொள்வது மாதிரி. பழகிவிட்டது.

ஒரு தடவை சுகந்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள். பூக்கடை அம்மாவும் ஊரில் இல்லை. காலையிலேயே ஒருத்தர் வந்து கல்யாணத்துக்கு மஞ்சள் வேண்டும் என்று நிற்கிறார். நான் என்ன செய்வேன்? "நீங்களே எடை போட்டுக்கங்க, காசைச் சாமி படத்துகிட்ட வெச்சுடுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவரே அள்ளிக்கொண்டார். கூடத்தான் அள்ளியிருப்பார். போகட்டும், கல்யாண வீடு.

சரி, கதை எங்கே விட்டேன்? ஆமாம். கடையைத் திறந்து மூன்று நாளாக ஒரு ஆர்டரும் இல்லை. யமுனா காலை ஏழு மணிக்கே குளித்துவிட்டு லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். முகம் வாடிப்போகும். இதற்குப் போணி இல்லை, அதுதான் விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் அந்த லேப்டாப்பை முதலில் தொடுவது யார்? இவள்தானே.

சுகந்தியிடம் மாடியில் போய்ச் சொன்னேன். "தெனமும் காலைல உன் போன்ல இருந்து ஒரு சின்னப் பொட்டலம் ஆர்டர் போட்டுடு கண்ணு. யமுனாவுக்குத் தெரிய வேண்டாம்."

"அத்தை, பார்சல் நம்ம வீட்டுக்கே வந்தாத் தெரிஞ்சிடுமே?"

விவரமானவள். அவள் தம்பி நம்பியூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். அந்த விலாசத்தைப் போட்டாள். "பேர் என்ன போடட்டும் அத்தை?" என்றாள். நல்ல காரியம் ஆரம்பிக்கும்போது என்ன எழுதுவோம்? முருகன் துணை என்று போடச் சொன்னேன். போட்டாள்.

ஆர்டர் போய்ச் சேர்ந்ததும் மத்தியானத்துக்குள் வேண்டாம் என்று ரத்து செய்துவிடுவாள். பட்டறையில் மஞ்சளை வைத்து என்ன செய்ய? கை பட்டது பட்டதுதானே. போணி ஆனது ஆனதுதானே.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், நாலாம் நாள் நிஜ ஆர்டர் வந்தது. அஸ்ஸாமில் இருக்கும் பட்டாளத்துக்காரர் சம்சாரம், கைக்குழந்தைக்கு என்று கேட்டிருந்தார். குளியல் பொடி. யமுனா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அந்தப் பார்சலை எத்தனை தடவை பிரித்துப் பிரித்துக் கட்டினாள் தெரியுமா? குழந்தைக்கு எப்படிக் குழைத்துப் பூச வேண்டும் என்று தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்தாள். அப்புறம் எல்லாப் பார்சலிலும் அந்தச் சீட்டு. யார் என்ன கேட்டாலும் உடனே பதில் எழுதுவாள். கொரியர்காரர் நேரம் தவறினால் இவளே வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவாள். மாசம் திரும்புவதற்குள் தினமும் எட்டு, பத்துப் பார்சல். நட்சத்திரம் நட்சத்திரமாகப் போடுகிறார்கள் என்று காட்டுவாள்.

எல்லாம் சுகந்தி கைராசி. நான் மாடிக்குப் போய் அவளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

ஆனால் யமுனா முகத்தில் ஒரு கலக்கம் வந்துவிட்டது. ஒருநாள் கேட்டாள்.

"அம்மா, தெனமும் காலைல நம்பியூர்லருந்து ஒரு ஆர்டர் வருது. மத்தியானம் ரத்தாகுது. தெனமும். முருகன் துணைன்னு பேரு."

"சாமி பேருதானே சாமி. நல்லதுதானே?"

"நம்பியூர்ம்மா."

அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பையன் வீட்டார்தான் சீண்டுகிறார்கள் என்று நினைக்கிறாள். அந்த விலாசத்தில் கொடுத்த நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். ஆம்பளைக் குரல் ஹலோ என்றதும் வைத்துவிட்டாள். அது சுகந்தி தம்பிதான், பாவம். அதற்கப்புறம் போன் அடித்தாலே அவளுக்கு முகம் மாறும். கொரியர்காரர் கதவைத் தட்டினால்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறப்பாள். ரொம்ப இளைத்துவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இந்த மாதிரிக் காரியத்தை வெளியில் சொன்னால் பலிக்காது கண்ணு. அவள் நன்மைக்குத்தானே? அவளுக்காக விளக்குப் போட்டேன். பயம் தெளியட்டும் என்று வேண்டி ஒன்பது செவ்வாய்க்கிழமை விளக்குப் போட்டேன்.

ஆவணி மாசம். கல்யாண சீசன். தாம்பூலப் பைக்கு மஞ்சள் பொட்டலம் வேண்டும் என்று மதுரையிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. காலையில் நான் சலித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா, கடையை மூடிட்டாங்க."

"யாரு சாமி?"

அவர்களிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. ஒரே ஆள் தினமும் வாங்குவதும் ரத்து செய்வதுமாக இருக்கிறது, விற்பனையைப் பொய்யாகக் காட்டுகிறீர்கள் என்று சந்தேகப்படுகிறோம், அதனால் கடையை நிறுத்துகிறோம் என்று. நூற்றுப் பதிமூன்று தடவையாம். எண்ணி எழுதியிருந்தார்கள். மிஷினுக்கு என்ன தெரியும், போணியா பொய்யா என்று?

சத்தம் கேட்டுத் தாமோதரன் இறங்கி வந்தான். படித்தான். "யாருடா அவன், முருகன் துணை?" என்றான்.

"அவங்கதாண்ணா. நம்பியூர். வேற யாரு? கோர்ட்ல முடிச்சும் விடமாட்டேங்கறாங்க. நான் நல்லா இருக்கறது பொறுக்கல." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நான் மகளிர் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"நீ எங்கயும் போக வேண்டாம். நான் போறேன்." பைக் சாவியை எடுத்துவிட்டான். சாதுவான பையன் கண்ணு அவன், குரல் உயர்த்திப் பேச மாட்டான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. சுகந்தி மாடிப்படியில் நின்று என்னைப் பார்க்கிறாள். "அத்தை..." என்கிறாள். நான் என்ன செய்வேன்?

"தாமு, சாவியை வை. அது நம்ம சுகந்தி."

"எது சுகந்தி?"

"முருகன் துணை."

அவன் சிரித்துவிட்டான். நிஜமாகவே சிரித்துவிட்டான். யமுனா சிரிக்கவில்லை.

"அண்ணியா? எதுக்கு?"

"போணிக்கு சாமி."

"நூத்திப் பதிமூணு நாளுமா?"

"ஒருநாள் கூட விடலை யமுனா," என்றாள் சுகந்தி. பயத்தில் உளறிவிட்டாள்.

யமுனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கு அண்ணி எதுக்கும்மா? வீட்ல நான் ஒருத்தி ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கேனே. முதல் பொட்டலத்தை நான் கட்டினா என்னம்மா?"

நான் சல்லடையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன்.

"சொல்லும்மா."

என்ன சொல்வது? அந்த வார்த்தை என் வாயில் வருமா? ஊரில் எத்தனை பேர் என்னென்னமோ சொன்னார்கள், புருஷனை விட்டு வந்தவள், அது இது என்று. நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன்.

"திறப்பு விழா அன்னைக்கு என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னதும் அதுக்குத்தானா?"

சல்லடையைக் கீழே வைத்துவிட்டேன்.

"நாலு மாசமா ஒவ்வொரு போனையும் அவன்தான்னு நெனச்சுப் பயந்து பயந்து எடுத்தேன். நீ பார்த்துட்டுதானேம்மா இருந்த?" என் எதிரே வந்து நின்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "எம்மேல அவ்வளவு பயமாம்மா உனக்கு?"

இது என்ன பேச்சு, சொல்லுங்கள்? பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய்க்குப் பயமா? அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நான் விட்ட கண்ணீர் முருகனுக்குத் தெரியும். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஆறவே இல்லை.

மதுரைக்காரர்களுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். ஆன்லைன்காரர்களுக்கு எழுதி எழுதிப் பார்த்தாள். சுகந்திகூட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள், நான்தான் முருகன் துணை என்று. ஒன்றும் நடக்கவில்லை. மூடியது மூடியதுதான். பத்தாம் நாள் பெட்டியைக் கட்டிவிட்டாள். திருப்பூரில் கூடப் படித்த சிநேகிதி இருக்கிறாள், பனியன் கம்பெனி ஆபீசில் பாதி நாள் வேலை, ஒரு ரூம்.

புறப்படுகிற நேரம் சுகந்தியை நிறைகுடம் எடுத்துக்கொண்டு எதிரே வரச் சொன்னேன். நான் உள்ளே போய்விட்டேன். புதிதாக ஒன்று தொடங்கப் போகிறவள் எதிரே நான் நிற்கலாமா? ஆட்டோ வந்து நின்றது. "அம்மா, வெளிய வா" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போய்விட்டாள். அம்மாவுக்குக் கோபம் தீரவில்லை என்று அவள் அண்ணனிடம் சொன்னாளாம். கோபமா? எனக்கா? அவள் மேலா?

இரண்டு மாசம் பேச்சே இல்லை. அப்புறம் ஒருநாள் போன். அம்மா எப்படி இருக்கே என்றெல்லாம் இல்லை. "ரங்கா அரைவை நிலையமா? குளியல் பொடி பத்து கிலோ, மஞ்சள் இருபது கிலோ வேணும். அடுத்த வாரத்துக்குள்ள ஆகுமா?" என்றாள். வியாபாரி மாதிரி. ஆகும் என்றேன். வேறென்ன சொல்ல? அப்புறம் அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அழுதுகொண்டேதான்.

இப்போது யாருடைய மூலையிலும் இல்லையாம். தனியாக அவளே ஒரு ஆன்லைன் கடை கட்டியிருக்கிறாள். பழைய ஆட்களுக்கெல்லாம் எழுதிவிட்டாள், அஸ்ஸாம் அம்மாவுக்கு, மதுரைக்காரர்களுக்கு. எல்லோரும் எப்போது திறக்கும் என்று கேட்கிறார்களாம். எல்லாம் தயார். மூன்று நாளுக்கு முன்னால் கூப்பிட்டாள்.

"அம்மா, முதல் ஆர்டர் நீ போடணும்."

"நானா?"

"உன் போன்ல. உன் பேர்ல. உன் கையால. நீ போட்ட பின்னாடிதான் மத்தவங்களுக்குத் திறப்பேன்."

"சாமி, சுகந்தியை..."

"அண்ணி பேரை எடுத்தீன்னா போனை வெச்சிருவேன்."

"நான் எப்படி கண்ணு? என் கை..."

"உன் கைக்கு என்ன? மஞ்சளை வேகவெக்கற கை உன்னுது. அரைக்கற கை உன்னுது. சலிக்கற கை உன்னுது. அதைப் பூசிட்டு எத்தனை பொண்ணு மணவறைல உட்கார்ந்தா? யாருக்கு என்ன ஆச்சு?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவள் படித்தவள், கேட்பாள். பதில் தெரியவில்லை என்பதால் பயம் போய்விடுமா?

அவளே விலாசம் எல்லாம் எழுதி அனுப்பிவிட்டாள். நான் அமுக்க வேண்டியது ஒரே ஒரு பட்டன். முதல் நாள் அஷ்டமி என்றேன். இரண்டாம் நாள் நவமி என்றேன். நேற்று நெட் வரவில்லை என்றேன். "நெட் எப்பம்மா வரும்? நல்ல நேரம் பார்த்தா வரும்?" என்கிறாள். வாய்! அவள் அப்பா வாய். அப்புறம் குரலை இறக்கிச் சொன்னாள். "நீ போடலேன்னா நான் திறக்க மாட்டேம்மா. ஆபீஸ் வேலையே போதும்னு இருந்துக்கறேன்." அவள் சொன்னால் செய்கிற பெண்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அமுக்கினால் என் கை பட்டு அந்தக் கடை மறுபடி படுத்துவிடுமோ என்று பயம். அமுக்காவிட்டால் திறக்கவே மாட்டாள். ராத்திரியெல்லாம் முருகா முருகா என்று புரண்டேன். களைத்துப் போய்விட்டது கண்ணு. உடம்பு இல்லை. உள்ளே.

குன்னத்தூர் தாண்டியாகிவிட்டதா? பெருமாநல்லூரே வரப்போகிறது என்கிறீர்களா? நேரம் போனதே தெரியவில்லை.

உங்களை ஒன்று கேட்கலாமா? தப்பாக நினைக்கக்கூடாது. ஏறியதிலிருந்து கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறேன். நெற்றி நிறையக் குங்குமம், கை நிறைய வளையல், மடியில் ஒரு உயிர். உங்களைப் பார்த்ததுமே முருகன்தான் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இந்தாருங்கள் போன். இதில் ஆரஞ்சுக் கலரில் இருக்கிறது பாருங்கள், ஆர்டர் செய் என்று. அதை நீங்கள் அமுக்கிவிடுங்கள். என் போன், என் பேர், என் விலாசம். அவளுக்கு என் பேர்தானே போகும்? விரல் யாருடையது என்று அந்த மிஷினுக்குத் தெரியவா போகிறது? நான் போய், போட்டுட்டேன் சாமி என்று சொல்லிவிடுவேன். அவளும் சந்தோஷமாகத் திறப்பாள். யாருக்கும் நஷ்டமில்லை.

ஏன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

என்ன? அவள் கேட்டால் என்ன சொல்வேன் என்கிறீர்களா? அதான் சொன்னேனே, போட்டுட்டேன் என்று...

உன் கையாலதானா என்று கேட்டால், என்கிறீர்களா?

கேட்பாள். நிச்சயம் கேட்பாள். என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு கேட்பாள். அன்றைக்கு நின்றாளே, அதே மாதிரி நின்றுகொண்டு. மறுபடியும் நான் பேசாமல் இருக்க வேண்டுமா? இன்னொரு முருகன் துணையா?

கொடுங்கள் கண்ணு. இங்கே கொடுங்கள். உங்கள் மேல் கோபமில்லை. நீங்கள் தொடவில்லையே? சரி.

முருகா. பச்சமலை முருகா. என் கையில் குறை இருந்தால் அது என் தலையோடு போகட்டும். அந்தப் பிள்ளை பக்கம் போக வேண்டாம். அவள் கேட்டாள், நான் செய்கிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண்ணாடி எங்கே வைத்தேன்... இருக்கட்டும், தெரிகிறது. இதுதானே? விரல் ஈரமாக இருந்தால் வேலை செய்யாதாம், அவள் சொன்னாள். புடவையில் துடைத்துக்கொள்கிறேன்.

அமுக்கிவிட்டேன்.

ஒரு சத்தமும் இல்லையே? என்னமோ சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. நின்றுவிட்டது. பச்சையாக ஒன்று வருகிறதே, அது என்ன? நன்றியா? நன்றி என்றா போட்டிருக்கிறது?

ஐயோ, போன் அடிக்கிறது. அவள்தான். அதற்குள்ளாகவா? இதை எந்தப் பக்கம் தள்ள வேண்டும்? வலது பக்கமா?

ஹலோ. ஆமா சாமி, பஸ்ல வந்துட்டிருக்கேன். ம். ம். இல்ல சாமி, சுகந்தி வீட்ல இருக்கா. பக்கத்துல ஒரு பொண்ணு இருக்கா, அவளும் தொடல. அழாத. நான்தான். ஏஞ்சாமி அழுவற? நான்தான் போட்டேன். என் கையாலதான்.